பெருந்துளைத் துவக்குகள், தொன்மையானவை

ஓர் இறாத்தல் ஈயத்தை எத்தனை சம உருண்டைகளாகப் பகுத்தால் அவற்றுள் ஒன்று குழல்வாயிற் சரியாகப் பொருந்துமோ, அவ்வெண்ணே துவக்கின் துளையெண் ஆகும். ஆதலின் எண் சிறுக்கத் துளை பெருகி, 12ஆம் எண் ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றரும், 8ஆம் எண் 21.2 மில்லிமீற்றரும், 4ஆம் எண் 26.7 மில்லிமீற்றரும் விட்டமுடையனவாம். நுவரெலியாவிற் குடியேற்றம் நிறுவிய சாமுவேல் பேக்கர், இலங்கையில் யானை வேட்டைக்குக் கையாண்ட பிறிஸ்டல் நகரத்துப் பெருந்துளை ரைபிள் 21 இறாத்தல் நிறையுடையது.

துவக்கின் பூட்டுத்தட்டில் வெட்டிய பெயரை மட்டும் நம்பி விலை மதித்தல் தகாது. குழலைக் கழற்றி அடிப்புறத்துச் சோதனை முத்திரையை நோக்குதலே பிரதான பரீட்சை: முடிசூடிய ஜீ.பீ. எழுத்துகள் லண்டனையும், முடியின்கீழ்க் குறுக்கிட்ட செங்கோல்கள் 1813இல் சோதனைச்சாலை நிறுவப்பெற்ற பர்மிங்ஹாமையும் குறிக்கும். ஆங்கிலப் பெயருடன் நீள்வட்டத்துள் ஈ.எல்.ஜி. காணப்படின், அது பெல்ஜியத்து லியேஜ் நகரிற் சோதிக்கப்பட்டது என்க.

மூல மெருகும், உட்சுவரின் கனமும், உரிய பேழையும் மதிப்பை உயர்த்தும். துருக்குழியும் பிற்காலப் பூச்சும் தாழ்த்தும். பெரியநீலாவணை போன்ற கரையூர்களின் உப்புக்காற்று, இரு குழல்களும் இணையும் இடுக்கிலேயே முதலில் துருவைப் பிறப்பிக்கும் என்பது எமது துணிபு.

இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்த தமாஸ்கஸ் குழல்கள் கருமருந்துக்கென அமைந்தவை; புகையற்ற மருந்துள்ள இக்காலத் தோட்டாவை அவற்றில் இடுதல் உயிர்க்கு ஆபத்து. துவக்கை வைத்திருப்போர்க்கு இலங்கையின் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச்சட்டமும் நினைவிற் கொள்ளத்தக்கது. மூதாதையர் துவக்கை வைத்திருப்போர், மெருகேற்றும் ஆசையால் குழலின் சோதனை முத்திரைகளைத் தேய்த்து அழித்துவிடாதிருப்பாராக.