கடலில் கசியும் எண்ணெய்: எண்ணூர் தரும் படிப்பினை

அருப்புக்கோட்டை, திருச்சுழி மானாவாரிப் பகுதியில் வாழும் நமக்குக் கடல் தூரம்தான். ஆனால் திருச்சுழி வழியாக ஓடும் குண்டாறு மன்னார் வளைகுடாவில்தான் சென்று சேர்கிறது. நம் சந்தைக்கு வரும் மீனும் கருவாடும் கடல் தந்தவையே. எனவே கடலில் எண்ணெய் கசிந்தால் என்ன நேரும் என்பதை நாமும் அறிந்திருப்பது அவசியம்.

எண்ணூரில் நடந்தவை

2017 ஜனவரி 28 அதிகாலையில், எண்ணூர் காமராஜர் துறைமுகம் அருகே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் ஆகிய இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் மாசு இல்லை என்றே துறைமுகத் தரப்பு முதலில் அறிவித்தது. ஆனால் கசிந்த எரிபொருள் எண்ணெய் கரிய சேறாகச் சென்னைக் கடற்கரைகளில் ஒதுங்கியது. மீனவர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் அதை வாளிகளில் அள்ளினார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது, மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்தை அடைந்தது. படகுகளும் வலைகளும் பாழாயின. மீனவர்கள் பிழைப்பு இழந்தார்கள்.

உயிரினங்களுக்கு நேர்வது

எண்ணெய் ஒட்டிய பறவையின் இறகுகள் நீரையும் குளிரையும் தடுக்கும் தன்மையை இழக்கின்றன. அலகால் இறகைக் கோதும்போது நஞ்சு வயிற்றுக்குள் போகிறது. எண்ணூரில் கூழைக்கடாக்கள் எண்ணெய் படிந்த உடலோடு காணப்பட்டன. மூச்சுவிட மேலே வரும் ஆமைகள் எண்ணெய்ப் படலத்தில் சிக்குகின்றன. சென்னைக் கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் பருவத்தில்தான் 2017 விபத்து நடந்தது. நீர்மட்டத்தில் மிதக்கும் மீன் முட்டைகளும் குஞ்சுகளும் மடிவதால் பின்வரும் மீன்வளமும் குறையக்கூடும். அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்களை எண்ணெய் மூடினால் மரம் மூச்சுத்திணறிப் பட்டுப்போகிறது. சேற்றுக்குள் இறங்கிய எண்ணெயோ பல ஆண்டுகள் தங்கிவிடும்.

நம் கடமை

தரையிலும் கடலிலும் தோன்றும் சீர்கேட்டுக்கு மனிதர்களின் செயல்களே காரணம் என்பதைத் திருக்குர்ஆன் 30:41 உணர்த்துகிறது. பிறருக்குத் தீங்கிழைக்கக் கூடாது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. கசிவை மறைப்பதும் குறைத்துச் சொல்வதும் அத்தீங்கைப் பெருக்குகின்றன. ஏனெனில் முதல் சில மணி நேரத்தில் மிதவைத் தடுப்புகளால் வளைத்தால்தான் எண்ணெய் பரவாமல் தடுக்க முடியும். மீனவரின் இழப்பை ஈடுசெய்வது தர்மம் அல்ல. அது அடியார்களின் உரிமையான ஹக்குல் இபாத்.

இது கப்பல்காரர்களுக்கு மட்டுமான பாடமும் அல்ல. நம் ஊர்ப் பட்டறைகளில் வண்டியிலிருந்து இறக்கும் பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றினால், மழை வெள்ளம் அதை ஓடைக்கும் கண்மாய்க்கும் ஆற்றுக்கும் கொண்டு செல்லும். அதைக் கேனில் சேர்த்து, மறுசுத்திகரிப்புக்கு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுவோம்.

படைப்புகள் அனைத்தும் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். அதைப் பேணும் மக்களாக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக!