கடல் மீட்ட நிலம்

கடல்கோள் என்றவுடன் தமிழர் நெஞ்சில் எழுவது இழப்பின் நினைவே. பழம்பதிகளைக் கடல் கொண்ட கதைகளைக் கேட்டு வளர்ந்த இனம் தமிழினம். ஆயின், இங்கிலாந்தின் தென்கரையில், சசெக்ஸ் வட்டாரத்துப் பேகம் துறைமுகத்தில் நிகழ்ந்த கடல்கோள் வேறொரு பாடத்தைக் கற்பிக்கின்றது.

இடைக்காலத்தில் வணிகக் கலங்கள் வந்து சென்ற துறை அது. நாளடைவில் மணலும் சேறும் அதனைத் தூர்த்தன. 1755-இல் அதன் கரையில், சிடில்சம் என்னும் ஊரில் அமைந்த ஆலை, ஏறி இறங்கும் கடல்நீரின் விசையால் தானியம் அரைத்தது. 1876-இல் துறையின் வாயிலை அடைத்துக் கரை எழுப்பினர். சேற்று நிலம் கழனியாயிற்று. நீர்வரவின்றி ஆலை ஓய்ந்தது. 1897-இல் அவ்வழியே செல்சி நகருக்குச் சிறிய இருப்புப்பாதையும் அமைந்தது.

1910 டிசம்பரில் பெரும்புயல் அக்கரையை உடைத்தது. கழனிகள் மூழ்கின, இருப்புப்பாதையும் நீரில் ஆழ்ந்தது. பாதையை உயர்த்தி 1935 வரை வண்டி ஓட்டினர். கழனிகளோ மீளவில்லை. உழுதவர்க்கு அது பேரிழப்பே. எனினும், உவர்நீர் உலவிய நிலத்தில் உவர்ச்செடிகள் தழைத்தன. சேற்றில் புழுவும் நத்தையும் பெருகின. அவற்றை நாடிப் பறவைகள் குவிந்தன.

இன்றும் குளிர்காலத்தில் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் அங்குத் திரள்கின்றன. கருங்கழுத்தில் வெண்கீற்றுடைய பிரெண்ட் வாத்துகள் சைபீரியாவிலிருந்து சுமார் 4,000 கிலோமீட்டர் கடந்து வருகின்றன. 1930-களில் கடற்புல்லை நோய் அழித்தபோது அவ்வினம் பெரிதும் குன்றியது. 1954-ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்டனில் அதற்குக் காப்பளித்தது. பறவை காண்போர் நீர் ஏறும் வேளைக்குச் சற்று முன்னரே வந்து காத்திருப்பர். பெருகும் நீர் சேற்றை மூட மூட, பறவைகள் கரையருகே ஒதுங்கும்.

1964-இல் பேகம் இயற்கைக் காப்பிடமாயிற்று. அரை நூற்றாண்டுக்குப்பின் அண்மையிலுள்ள மெட்மெரியில் புதுமை நிகழ்ந்தது. அங்கிருந்த கூழாங்கற் கரை 2008-இல் உடைந்து வெள்ளம் புகுந்தது. எனவே, உள்நிலத்தில் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நீளத்திற்குப் புதுக்கரை எழுப்பிய பின், 2013-இல் பழைய கரையை அரசே வெட்டித் திறந்தது. புகுந்த நீரால் உருவாகும் உவர்ச்சதுப்பு அலையின் வேகத்தைத் தணித்து ஊரைக் காக்கும், பறவைக்கும் இடமளிக்கும்.

1876-இல் கடலை வெளியே தள்ளிய அதே கரையோரத்தில், 137 ஆண்டுகளுக்குப்பின் மனிதனே அதற்கு வழிவிட்டான். அணை போடும் ஆற்றலைப் போன்றே, எங்கு அணை போடலாகாது என்று தெளியும் அறிவும் இன்றியமையாதது. அத்தெளிவு உழவர்தம் கழனிகளை விலையாகக் கொண்டே வந்தது என்பதையும் வரலாறு மறத்தலாகாது.