பகலெல்லாம் டயட், ராத்திரியில் கட்டுக்கடங்காத தீனி: ‘பின்ஜ் ஈட்டிங்’ என்றால் என்ன? எடை ஏறாமல் சமாளிப்பது எப்படி?

காலையில் வெறும் டீ. மதியம் ‘சோறே வேண்டாம்’ என்று இரண்டு வெள்ளரிக்காய். ராத்திரி வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, சமையலறையில் விளக்கைக்கூடப் போடாமல் மிக்சர் டப்பா, மிச்சமிருந்த சாதம், பிள்ளைக்கு வாங்கி வைத்த பிஸ்கட் பாக்கெட் என ஒன்றன் பின் ஒன்றாக, வயிறு வலிக்கும் வரை. விடிந்ததும் குற்ற உணர்ச்சி. ‘இன்னிக்கு ஒண்ணுமே சாப்பிடக்கூடாது’ என்று ஒரு சபதம். அன்று ராத்திரியும் அதே கதை.

வீட்டில் இதை ‘வாயைக் கட்டத் தெரியல’ என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். ஆனால் மருத்துவ உலகம் இதை ஒரு கோளாறாகவே வகைப்படுத்தியிருக்கிறது. அதற்குச் சிகிச்சையும் இருக்கிறது.

எது பின்ஜ் ஈட்டிங், எது இல்லை?

கல்யாணப் பந்தியில் இரண்டு முறை பாயாசம் வாங்கிக் குடிப்பது பின்ஜ் ஈட்டிங் இல்லை. பொங்கலுக்கோ ரம்ஜானுக்கோ வயிறு முட்டச் சாப்பிடுவதும் இல்லை. சாப்பிடும் அளவு ஒரு பாதிதான். ‘நிறுத்த முடியவில்லை, கை தானாகப் போகிறது’ என்ற கட்டுப்பாடு இழந்த உணர்வு மறு பாதி. அந்த உணர்வு இல்லாவிட்டால் அது வெறும் அதிகச் சாப்பாடு.

1959-ல் அமெரிக்க மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டன்கார்ட் இந்தப் பழக்கத்தை முதலில் விவரித்து எழுதினார். ஆனால், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் ‘டிஎஸ்எம்-5’ கையேட்டில் இது தனிக் கோளாறாக இடம்பிடித்தது 2013-ல்தான். அந்தக் கையேட்டின்படி வாரத்துக்கு ஒரு தடவையாவது, 3 மாதம் தொடர்ந்து இப்படி நடக்க வேண்டும். கூடவே வேகவேகமாகச் சாப்பிடுவது, பசி இல்லாமலே சாப்பிடுவது, வயிறு கனத்து அவதிப்படும் வரை சாப்பிடுவது, வெட்கப்பட்டுத் தனியாகச் சாப்பிடுவது, முடிந்ததும் தன் மீதே வெறுப்பு வருவது ஆகிய ஐந்தில் மூன்றாவது இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11-வது பதிப்பும் இதைத் தனியாகவே சொல்கிறது. அது 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது.

ஒல்லியாக இருப்பவர்களுக்கும் இது வரும். அதனால்தான் பலருடைய வீட்டில் பல வருஷம் யாருக்கும் தெரியாமலே போகிறது.

நம்ம ஊரிலும் உண்டா?

‘இதெல்லாம் வெள்ளைக்காரங்க வியாதி’ என்று ஒதுக்கிவிட முடியாது. 1995-லேயே சென்னையில் டி.என்.சீனிவாசன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 210 மருத்துவ மாணவர்களிடம் நடத்திய ஆய்வு, இந்திய மனநல மருத்துவ இதழில் வெளியானது. சுமார் 15 சதவீதம் பேருக்குச் சாப்பாடு, உடல் எடை குறித்த மனஉளைச்சல் இருந்தது. மேல்நாட்டுப் புத்தகங்களில் சொல்லப்பட்ட அளவுக்குத் தீவிரம் இல்லை. ஆனால் பிரச்சினை இருந்தது. அப்போது கையில் செல்போன் இல்லை, ரீல்ஸ் இல்லை, வீட்டு வாசலுக்குப் பிரியாணி கொண்டுவரும் ஆப்பும் இல்லை.

இன்னொரு பக்கம் எடை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 40 சதவீதப் பெண்களும் 37 சதவீத ஆண்களும் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். முந்தைய ஆய்வில் பெண்கள் 31 சதவீதமாகத்தான் இருந்தார்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்கும் மரக்காணத்துக்கும் நடுவே, ஆலம்பரை கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் கடப்பாக்கம் போன்ற ஊர்களில் இந்த இரண்டும் சேர்ந்தே வருகின்றன. விடியற்காலை 3, 4 மணிக்குப் படகேறுபவருக்குக் காலைச் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று கிடையாது. மீன் ஏலத்துக்கும் சந்தைக்கும் போகும் பெண்களுக்கு மதியச் சாப்பாடு 3 மணியோ 4 மணியோ. வீட்டில் இருக்கும் பெண்கள் எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் உட்காருகிறார்கள். ‘வீணாப் போயிடுமே’ என்று மிச்சத்தையும் அவர்களே சாப்பிடுகிறார்கள். பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் 5 ரூபாய், 10 ரூபாய் பாக்கெட்டுகள், சாயங்கால பஜ்ஜி, ராத்திரி பரோட்டாக் கல். பகலெல்லாம் காய்ந்த வயிற்றுக்கு எதிரே இத்தனையும் இருக்கிறது.

பட்டினிதான் பாதிக் காரணம்

இதைப் பலர் நம்ப மாட்டார்கள். ‘அதிகமா சாப்பிடறவங்களுக்குப் பட்டினி எப்படிக் காரணமாகும்?’ என்று கேட்பார்கள்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944-45-ல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி ஒரு பரிசோதனை நடத்தினார். நல்ல ஆரோக்கியமான 36 இளைஞர்கள் தாங்களே முன்வந்து கலந்துகொண்டார்கள். ஆறு மாதம் அரைப் பட்டினி. உடல் எடையில் கிட்டத்தட்ட கால்வாசி குறைந்தது. அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே ஓடவில்லை. சமையல் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார்கள். மறுபடி தாராளமாகச் சாப்பாடு கிடைத்தபோது சிலர் வயிறு நிறைந்த பிறகும் நிறுத்த முடியாமல் சாப்பிட்டார்கள். அதற்கு முன் அவர்கள் யாரும் ‘தீனிப் பண்டாரம்’ இல்லை. பட்டினி கிடந்த உடம்பு செய்த வேலை அது.

மனசும் தன் பங்குக்கு ஒரு வேலை செய்கிறது. 1975-ல் வெளியான பீட்டர் ஹெர்மன், டெபோரா மேக் ஆய்வில் டயட்டில் இருந்தவர்களுக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீமை எதிரே வைத்தார்கள். மில்க் ஷேக் குடித்த டயட்காரர்கள், குடிக்காத டயட்காரர்களைவிட அதிக ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். கட்டுப்பாடு ஒருமுறை உடைந்துவிட்டது, இனி எவ்வளவு சாப்பிட்டால் என்ன என்ற எண்ணம். தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன என்று நம்மூரில் சொல்வது இதைத்தான். ஒரு முறுக்கு சாப்பிட்டதில் பெரிய தப்பு எதுவும் இல்லை. ‘டயட் கெட்டுப் போச்சு’ என்று நினைத்து டப்பாவைக் காலி செய்வதுதான் சிக்கல்.

விரதம் இருப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். விரதம் தப்பில்லை. ஆனால் பின்ஜ் பழக்கம் உள்ளவர்கள் எடை குறைக்கும் நோக்கத்தில் விரதத்தைக் கூட்டிக்கொண்டே போனால், முடிக்கும் நேரத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதல் வேலை: நேரத்துக்குச் சாப்பிடுவது

பிரிட்டன் மனநல மருத்துவர் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் உருவாக்கிய சிகிச்சை முறையில் ஆரம்பக் கட்டப் பாடங்களில் முக்கியமானது, குறைத்துச் சாப்பிடுவது அல்ல, ஒழுங்காகச் சாப்பிடுவது. மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு அல்லது மூன்று சிறு தீனி. இரண்டு சாப்பாட்டுக்கு நடுவே 4 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி கூடாது. முந்தின ராத்திரி எவ்வளவு சாப்பிட்டிருந்தாலும் மறுநாள் காலை இட்லியைத் தவிர்க்கக் கூடாது. பலருக்கும் மிகக் கஷ்டமான படி இதுதான். சுழற்சி உடைவதும் இங்கேதான்.

இதற்கு ஓட்ஸும் விலை அதிகமான புரோட்டின் பவுடரும் தேவையே இல்லை. கடலோரத்தில் மத்தியும் சங்கராவும் கிடைக்கின்றன. குழம்பு மீன், முட்டை, பயறு, சுண்டல் என ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒரு புரதம் இருந்தால் வயிறு நெடுநேரம் தாங்கும். 11 மணிக்கு மோர், சாயங்காலம் ஒரு கை வேர்க்கடலை. படகில் போகிறவர்கள் தூக்குவாளியில் பழைய சோறோ கேழ்வரகுக் கூழோ கொண்டு போனாலே போதும். (கருவாடு தொட்டுக்கொள்ளலாம், பிரஷர் உள்ளவர்கள் உப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.)

பரோட்டாவையும் மிக்சரையும் வாழ்நாள் முழுக்கத் தடை செய்வது பெரும்பாலும் எதிர்விளைவையே தரும். டப்பாவிலிருந்து நேராக வாயில் போடாமல் ஒரு தட்டில் எடுத்து, உட்கார்ந்து, செல்போனைத் தள்ளி வைத்துவிட்டுச் சாப்பிடலாம். வீட்டில் பெரிய பாக்கெட்டாக வாங்கி வைக்காமல் இருக்கலாம். தூக்கம் குறைந்தால் பசி கூடும் என்பதும் நிரூபணமான விஷயம்.

அலை வரும், இறங்கும்

நேரத்துக்குச் சாப்பிட்டாலும் உந்துதல் வரத்தான் செய்யும். சண்டை, கடன் நெருக்கடி, தனிமை, சும்மா போரடிப்பது என எதுவும் அதைக் கிளப்பலாம். அந்த நேரத்துக்கு ஒரு உத்தி இருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஆலன் மார்லட், குடிப்பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்காக இதைப் பிரபலப்படுத்தினார். பெயர் ‘அர்ஜ் சர்ஃபிங்’, அதாவது ஆசை அலைமேல் சறுக்குவது.

கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் பலகையோடு அலையேறும் பையன்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அலையை யாரும் தடுத்து நிறுத்துவதில்லை. அது எழும், உச்சிக்குப் போகும், கரையில் சரியும். சாப்பிடும் உந்துதலும் அப்படித்தான், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும்.

செய்ய வேண்டியது இதுதான்: உந்துதல் வந்ததும் செல்போனில் 20 நிமிட அலாரம் வையுங்கள். சமையலறையை விட்டு வெளியே வாருங்கள். உடம்பில் எங்கே தெரிகிறது என்று கவனியுங்கள்: வாயிலா, நெஞ்சிலா, வயிற்றிலா? ‘சாப்பிடக்கூடாது’ என்று மல்லுக்கட்ட வேண்டாம், வேடிக்கை பாருங்கள். சிலருக்குத் திண்ணையில் உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பது உதவும். சிலருக்குப் பல் தேய்ப்பது, யாருக்காவது போன் போடுவது. அலாரம் அடித்த பிறகும் வயிறு நிஜமாகவே பசித்தால், தட்டில் போட்டுச் சாப்பிடுங்கள். பசிக்கு அலை விளையாட்டு சரிப்படாது.

எத்தனை மணிக்கு வந்தது, அதற்கு முன் என்ன நடந்தது என்று நோட்டில் குறித்துக்கொள்வது நல்லது. எழுத நேரமில்லாதவர்கள் வாய்ஸ் நோட் போடலாம். இரண்டு வாரத்தில் ஒரு வடிவம் தெரிய வரும்.

வீட்டில் இருப்பவர்கள் ‘இவ்ளோ சாப்பிட்டியா!’ என்று தட்டைப் பார்த்துக் கமென்ட் அடிப்பதை நிறுத்தினால் அதுவே பாதி உதவி. கேலி செய்தால் சாப்பிடுவது நிற்காது, மறைந்து சாப்பிடுவதுதான் கூடும்.

அப்போ எடை?

இந்தியர்களுக்கு பிஎம்ஐ 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடல் பருமன் என்பது இங்கே மருத்துவர்கள் பின்பற்றும் அளவுகோல். 155 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு ஏறக்குறைய 45 முதல் 55 கிலோ வரை சரியான எடை. இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

ஆனால் வரிசை முக்கியம். முதலில் பின்ஜ் குறைய வேண்டும், எடைக் குறைப்பு அதற்குப் பிறகு. இரண்டையும் ஒரே நாளில் ஆரம்பித்தால் பட்டினி மறுபடி உள்ளே வந்துவிடும். ஒரு உண்மையையும் சொல்லியாக வேண்டும்: பின்ஜ் ஈட்டிங்குக்கான பேச்சு சிகிச்சை பலருக்கு அந்தப் பழக்கத்தை நிறுத்த உதவுகிறது, ஆனால் எடையைப் பெரிதாகக் குறைப்பதில்லை. மேலும் ஏறாமல் நின்றாலே அது லாபம். தினமும் எடை பார்க்க வேண்டாம், வாரம் ஒரு முறை போதும். உப்பு, தண்ணீர், மாதவிடாய் ஆகியவற்றாலேயே ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும்.

2025-ல் இந்தியச் சந்தைக்கு வந்த மவுஞ்சாரோ, வெகோவி ஊசிகள் சர்க்கரை நோய், எடை சார்ந்த சிகிச்சைக்கானவை. பின்ஜ் ஈட்டிங்குக்கான மருந்தாக அவை அங்கீகரிக்கப்படவில்லை. மருத்துவர் சொல்லாமல் எடுக்கக் கூடாது.

உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டியது யார்?

சாப்பிட்டதை ஈடுகட்ட வாந்தி எடுப்பவர்கள், பேதி மாத்திரை போடுபவர்கள் தாமதிக்கக் கூடாது. இது புலிமியா என்ற வேறொரு கோளாறாக இருக்கலாம். உடலில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தாறுமாறாகும் ஆபத்து இருக்கிறது. ‘செத்துப் போயிடலாம்’ என்ற நினைப்பு வந்தாலும் அப்படியே.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தனி எச்சரிக்கை. இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு சாப்பாட்டைத் தவிர்த்தால் சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, வியர்த்து, அகோரப் பசி எடுக்கும். அது அலை இல்லை, 20 நிமிடம் காத்திருக்கவும் கூடாது. உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ சாப்பிட வேண்டும்.

கடப்பாக்கம் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களுக்கு செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. தெற்கே போக வசதி என்றால் புதுச்சேரி ஜிப்மர். அவ்வளவு தூரம் போகும் முன் பேசிப் பார்க்க நினைப்பவர்கள், மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ எண்ணான 14416-ஐ அழைக்கலாம். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் இருக்கிறது.

மருத்துவரிடம் போய் ‘எடை குறைக்கணும்’ என்று மட்டும் சொன்னால் கையில் ஒரு டயட் சார்ட்தான் கிடைக்கும். ‘ராத்திரியில நிறுத்த முடியாம சாப்பிடறேன், வாரத்துல இத்தனை தடவை, இத்தனை மாசமா’ என்று சொல்லுங்கள். நோட்டில் குறித்து வைத்திருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.