உறுதி இல்லாத வீடுகள்: விசுவமடுவின் காணிக் கதை

கம்பஸ் கிடைச்சு யாழ்ப்பாணம் வந்த முதல் கிழமை நாங்கள் செய்த வேலை படிப்பில்லை, ரூம் தேடினதுதான். திருநெல்வேலியில் ஒழுங்கை ஒழுங்கையாக அலைந்து கடைசியில் ஒரு வீடு கிடைச்சுது. சொந்தக்காரர் கனடாவில். இஞ்ச இருக்கிற தங்கச்சி வாடகையை வாங்கிறா. அந்த வீட்டை அவர் வாங்கினதே வாடகைக்கு விடத்தான். மூன்று அறை, ஏழு பேர், மாதம் பிறந்தால் காசு.

அதே கிழமை விசுவமடுவில் எங்களில் ஒருத்தியின் அப்பா மகளின் செலவுக்குக் கடன் கேட்டுப் போனார். அவரிடமும் கல்வீடு இருக்கு, கிணறு இருக்கு, காய்க்கிற தென்னைகள் இருக்கு. "உறுதி இருக்கோ?" எண்டு கேட்டினம். "பெர்மிற் இருக்கு" எண்டார். அதை ஈடு வைக்கேலாது எண்டு அனுப்பிவிட்டினம்.

இரண்டும் ஒரே மாகாணத்தில் இருக்கிற வீடுகள். ஒன்றை வாங்கலாம், விற்கலாம், வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கலாம். மற்றதில் குடியிருக்க மட்டும்தான் ஏலும். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது எண்டு தேடினம்.

யாழ்ப்பாணத்தில் காணி கைமாறுவது மிகப் பழைய பழக்கம். 1707 இல் ஒல்லாந்தர் தேசவழமையை எழுத்தில் தொகுத்தபோதே அதில் சீதனம், ஒற்றி, விற்பனை எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. ஒற்றி எண்டால் காசு கொடுத்தவர் காணியை ஆளுவார், அதன் விளைச்சல்தான் வட்டி; காசைத் திருப்பினால் காணி திரும்பும். விற்கிறதெண்டால் பங்காளிக்கும் உரித்தாளிக்கும் முதலில் சொல்ல வேண்டும். அவர்கள் வேண்டாம் எண்டால்தான் பிறத்தியார் வாங்கலாம். கட்டுப்பாடு இருந்தது, ஆனால் சந்தையும் இருந்தது.

வன்னியின் கதை வேறு. 1840 இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த முடிக்குரிய காணிச் சட்டம், உரிமை காட்ட முடியாத காட்டையும் தரிசையும் அரசுக்குரியது எண்டு எடுத்துக்கொண்டது. பிறகு 1927 இல் அமைந்த காணி ஆணைக்குழுவின் சிந்தனையிலிருந்து 1935 இன் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் அப்போது விவசாய, காணி அமைச்சராக இருந்த டி. எஸ். சேனநாயக்க. அரச காணியை விவசாயிக்குக் கொடுக்கலாம், ஆனால் அவர் அதை விற்றுவிட்டு வட்டிக்காரனிடம் கூலியாகப் போய்விடக் கூடாது எண்டது அவர்களின் பயம். அதனால் முதலில் அனுமதிப்பத்திரம், நிபந்தனைகள் நிறைவேறினால் பிறகு அளிப்புப்பத்திரம். அனுமதி இல்லாமல் கைமாற்றினால் அது சட்டத்தில் செல்லாது. பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பூட்டின் திறப்பு கச்சேரியில் இருந்தது.

இந்த முறையில்தான் விசுவமடு உருவாகியது. 1960களில் படிச்சும் வேலையில்லாமல் இருந்த இளைஞருக்கென முத்தையன்கட்டிலும் விசுவமடுவிலும் குடியேற்றத் திட்டங்கள் வந்தன. எங்கட வயதுப் பெடியள் காடு வெட்டி, கொட்டில் போட்டு, யானைக்கும் மலேரியாவுக்கும் நடுவில் தோட்டம் செய்தார்கள். 1970 இல் வந்த அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதும் செத்தல் மிளகாய்க்கு நல்ல விலை வந்தது. கொட்டில்கள் கல்வீடுகளாக மாறின. 1977 இல் இறக்குமதி திறந்துவிடப்பட, அந்த விலையும் விழுந்தது.

இந்தக் கதையைச் சொல்லும்போது எங்கட பெரியாக்கள் வழக்கமாக ஒரு பகுதியை விட்டுவிடுவினம். மிளகாய் ஆய்ந்த கைகள் யாருடையவை? 1970களின் பஞ்சத்திலும் 1977 கலவரத்திலும் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பங்கள் பல. அவர்களில் கனபேர் தோட்டங்களில் கூலி வேலை செய்து, தோட்டக்காரரின் காணி மூலையில் கொட்டில் போட்டு இருந்தார்கள். வாடகை கேட்கவில்லை, உண்மைதான். ஆனால் வேலை போனால் கொட்டிலும் போகும். பெர்மிற்றுக்காரருக்கு உறுதி இல்லை எண்டு நாங்கள் கவலைப்படுகிறோம். அவர்களுக்குப் பெர்மிற்றே இல்லை.

விற்கக் கூடாது எண்டு சட்டம் சொன்னால் விற்பனை நிண்டுவிடுமா? நிக்காது, பெயரை மாத்திக்கொள்ளும். "காணியை விக்கேல்ல, வீட்டுக்கும் மரத்துக்கும்தான் காசு வாங்கினது" எண்டு சொல்லுவினம். முத்திரை ஒட்டின ஒரு தாள், இரண்டு சாட்சி, முடிஞ்சுது. வாடகையும் வாய்ப்பேச்சுத்தான். காசு கொடுத்தவருக்கும் பாதுகாப்பில்லை, வாங்கினவருக்கும் இல்லை. நாளைக்குப் பத்திரக்காரரின் மகன் வந்து "இது அப்பாவின்ட பெயரில இருக்கு" எண்டால் அந்தத் தாள் அவரைத் தடுக்காது.

2009 ஜனவரியில் ஊரே எழும்பி ஓடியது. ஓடும்போது சிலர் பெர்மிற்றைப் பொலித்தீனில் சுத்திக்கொண்டு போனார்கள், சிலருடையது பங்கரோடு போனது. மீள்குடியேற்றத்தில் இந்திய வீட்டுத்திட்டம் வந்தபோது ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா. காணிக்கு ஏதோ ஒரு பத்திரம் காட்டினவருக்கு அது லேசாகக் கிடைச்சுது. மூலைக் கொட்டில்காரர் மறுபடியும் வெளியில் நிண்டார்கள். 2016 இல் ஒரு நல்ல சட்டம் வந்தது: 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை இடம்பெயர்ந்து இருந்த காலத்தைக் காட்டி, இன்னொருவர் பத்து வருட ஆட்சி எண்டு காணியை உரிமை கோர முடியாது. ஆனால் அது உறுதிக் காணிக்காரருக்கான ஆறுதல். அரச காணிக்கு அந்த ஆட்சியுரிமை ஆரம்பத்திலிருந்தே பொருந்தாது.

பெண்களுக்கு நடந்தது இன்னும் மோசம். பின்னுரித்தாளரை நியமிக்காமல் ஒருவர் இறந்தால், 1935 சட்டத்தின் அட்டவணைப்படி மகளுக்கு முன் மகன், தங்கைக்கு முன் அண்ணன். மனைவிக்கு அவ உயிரோடு இருக்கும்வரைதான். போரில் ஆண்களை இழந்து பெண்கள் தலைமை தாங்குகிற இத்தனை குடும்பங்கள் உள்ள மாவட்டத்தில் இந்த ஒழுங்கு 2022 வரைக்கும் இருந்தது. அந்த வருடத் திருத்தம்தான் ஆண் முன்னுரிமையை எடுத்தது.

அப்ப எல்லாருக்கும் உறுதியைக் கொடுத்துவிட்டால் சரியா? பெருவின் பொருளியலாளர் எர்னாண்டோ டி சோட்டோ 2000 இல் எழுதிய நூலில், பத்திரமில்லாத வீடுகளைச் செத்த மூலதனம் எண்டார். உறுதி கொடுத்தால் வங்கிக் கடன் வரும் எண்டது அவர் வாதம். ஆனால் ஆர்ஜென்டீனாவில், புவனோஸ் அயர்ஸ் புறநகர் ஒன்றில், பக்கத்துப் பக்கத்தில் உறுதி கிடைச்ச குடும்பங்களையும் கிடைக்காத குடும்பங்களையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உறுதி கிடைச்சவர்கள் வீட்டைத் திருத்திக் கட்டினார்கள், பிள்ளைகளைக் கூடப் படிப்பித்தார்கள். கடன் மட்டும் பெரிதாக வரவில்லை. வங்கிக்குக் காணியை விட மாதச் சம்பளம்தான் முக்கியமாம்.

இலங்கையில் 2024 இல் தொடங்கிய "உறுமய" திட்டம் பெர்மிற்காரருக்கு முழு உரிமை தருவதாகச் சொன்னது. எங்களுக்கு அது வேணும். ஆனால் பயமும் இருக்கு. கடனில் நிற்கிற ஊரில் விற்கிற உரிமை வந்தால் முதலில் விற்பது யார், வாங்குவது யார்? திருநெல்வேலியில் எங்களிடம் வாடகை வாங்குகிறவரைப் போல ஒருவர் ஏ-35 வீதிக்கரையை வாங்கிவிட்டால், எங்கட ஊரில் நாங்களே வாடகைக்கு இருப்போம். 1935 இன் பயம் செத்துப்போகவில்லை.

அதனால் எங்கட நிலைப்பாடு இதுதான்: உறுதி வேணும், ஆனால் அதற்கு முன் பெண்ணின் பெயர் தாளில் வரவேணும், மூலைக் கொட்டில்காரருக்கு ஒரு துண்டுக் காணியாவது பதிவாக வேணும். இந்த வரிசை மாறினால் பழைய அநியாயத்துக்குப் புது உறுதி எழுதினதாகத்தான் முடியும்.

அந்த அப்பா கடைசியில் அம்மாவின் காப்பை அடகு வைச்சார். மகள் படிக்கிறாள். அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது நீங்களும் வீட்டுப் பெட்டியைத் திறந்து அந்தப் பெர்மிற்றை எடுத்துப் பாருங்கோ. யாரின்ட பெயர் இருக்கு, பின்னுரித்தாளர் எண்ட இடத்தில யாரைப் போட்டிருக்கு? அந்த இடம் வெறுமையாக இருந்தால், பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே பிரதேச செயலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ.