நாடகம் காண வந்த அயலார்: 1599இன் இலண்டனும் அரங்க வரலாற்றுச் சான்றுகளும்

நாடக வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் நாடக நூல்களையும் அவற்றை இயற்றிய புலவர்தம் வாழ்க்கையையுமே சான்றாகக் கொள்வர். ஆயின், அந்நாடகம் நடிக்கப்பெற்ற அரங்கு எத்தன்மைத்து, காண்போர் எவ்வழியே வந்தனர், எவ்வளவு பொருள் கொடுத்தனர், எங்கு நின்றனர் அல்லது இருந்தனர் என்னும் வினாக்களுக்கு நூல்கள் விடை கூறுதல் அரிது. இவ்வினாக்களுக்கு விடை தேடுவார்க்குப் பெருந்துணையாவன, பேரூர்க்கு வந்து நாடகம் கண்ட அயலார் எழுதிவைத்த குறிப்புக்களே என்பது எம் கருத்து. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் மாநகர்க்கு வந்த இருவர்தம் குறிப்புக்களைக் கொண்டு இக்கருத்தினை ஈண்டு ஆராய்வோம்.

முதலாமவர் நெதர்லாந்தின் ஊட்ரெக்ட் நகரத்து யோஹான்னஸ் தெ விட். 1596ஐ ஒட்டி இலண்டனைக் கண்டவர். இரண்டாமவர் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்துத் தாமஸ் பிளாட்டர். பிரான்சு நாட்டு மான்பெல்லியேயில் மருத்துவம் பயின்ற இவர், 1599 செப்டம்பர், அக்டோபர்த் திங்கள்களில் இங்கிலாந்தில் தங்கித் தாம் கண்டவற்றை ஜெர்மன் மொழியில் எழுதினார். இவ்விருவரும் நாடகப் புலவரும் அல்லர், நடிகரும் அல்லர், ஊர் காண வந்தோரே ஆவர். ஊரார்க்கு நாள்தோறும் கண்டு பழகியனவாய் இருந்த செய்திகள் இவர்க்குப் புதுமையாகத் தோன்றின. ஆதலின் அவை ஏட்டில் ஏறின.

அக்காலத்து இலண்டனில் நாடகம் காண விழைந்தார் ஒருவர் முதற்கண் அறியவேண்டுவது இடம். நகர ஆட்சியினர் நாடகத்தை விரும்பவில்லை. மக்கள் கூடுதலால் கலகமும் நோயும் பெருகும் என்பது அவர் கொள்கை. ஆகவே அரங்குகள் நகர ஆட்சியின் எல்லைக்குப் புறத்தே எழுந்தன. வடபுறத்து ஷோர்டிச்சில் ஜேம்ஸ் பர்பேஜ் என்பார் 1576இல் ‘தியேட்டர்’ என்னும் அரங்கினைக் கட்டினார். அதனை அடுத்து 1577இல் ‘கர்ட்டன்’ தோன்றியது. தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் 1587இல் ‘ரோஸ்’ அரங்கும், 1595ஐ ஒட்டி ‘சுவான்’ அரங்கும் எழுந்தன. தெ விட் குறிப்பில் காணப்படுவன இந்நான்கே. இக்குறிப்பினைத் துணையாகக் கொண்டு 1599இல் ஒருவர் வந்திருப்பின், ‘தியேட்டர்’ நின்ற இடம் வெற்றிடமாதலைக் கண்டிருப்பார். நில உரிமை பற்றிய வழக்கின் காரணமாக 1598 டிசம்பர் இறுதியில் அவ்வரங்கு பிரிக்கப்பட்டது. அதன் மரங்களைக் கொண்டே தென்கரையில் ‘குளோப்’ கட்டப்பெற்றது. தென்கரை அரங்குகளுக்குச் செல்வோர் நகரின் ஒரே பாலத்தைக் கடத்தல் வேண்டும். அன்றேல் படகேறுதல் வேண்டும். பிளாட்டரும் தாம் நீரைக் கடந்து சென்றதாகவே எழுதுகின்றார்.

அடுத்து அறியவேண்டுவது காலம். பொது அரங்குகளின் நடுமுற்றம் திறந்த வெளி, பகலொளியே விளக்கு. பகல் உணவிற்குப் பின், ஏறத்தாழ 2 மணிக்குத் தாம் சென்றதாகவும், நாள்தோறும் அந்நேரத்தில் நகரின் வெவ்வேறிடங்களில் இரண்டு, சிற்சிலகால் மூன்று நாடகங்கள் நிகழ்ந்ததாகவும் பிளாட்டர் கூறுகின்றார். எனினும் எல்லா ஆண்டும் இவ்வாறு காணுதல் இயலாது. கொள்ளைநோய் மிக்கபோது அரங்குகள் மூடப்பட்டன. 1592 கோடை முதல் 1594 வரையுள்ள காலத்தின் பெரும்பகுதியில் இலண்டன் அரங்குகள் அடைபட்டுக் கிடந்தன. பிளாட்டர் வந்த ஆண்டு நற்பேறுடைய ஆண்டு எனலாம்.

எந்நாடகம் காண்பது என்பதை முன்னரே துணிந்து வருதல் அரிது. ரோஸ் அரங்கின் உரிமையாளர் பிலிப் ஹென்ஸ்லோவின் கணக்கேட்டினால், அங்கு நாள்தோறும் நாடகம் மாறியமை அறியப்படுகின்றது. 1594–95ஆம் பருவத்தில் கடற்படைத் தலைவர் குழுவினர் 38 நாடகங்களை நடித்தனர். அவற்றுள் 21 புதியன. அன்றன்றைய நாடகத்தை மக்கள் அறிந்தது கம்பங்களில் ஒட்டிய விளம்பரத்தாள்களால். நடிப்பு உண்டென்பதை அறிந்தது அரங்கின் மேற்பறந்த கொடியால். தொடக்கத்தை அறிந்தது எக்காள ஒலியால். விளம்பரத்தாளை நம்பி ஏமாந்தாரும் உளர். 1602 நவம்பரில் ரிச்சர்டு வென்னர் என்பார், ‘இங்கிலாந்தின் இன்பம்’ என்னும் பெயரால் சுவான் அரங்கில் அரிய நாடகமொன்று நிகழும் எனத் தாள் அச்சிட்டுப் பரப்பினார். வழக்கத்தினும் மிக்க கட்டணம் கொடுத்து மக்கள் கூடினர். பணத்தை வாங்கியவர் நாடகம் நடத்தாமலே ஓட முயன்றார். சினந்த மக்கள் திரைகளையும் இருக்கைகளையும் சிதைத்தனர். நடவாத அந்நாடகத்தின் விளம்பரத்தாள் இன்றும் உள்ளது. நடந்த பல நாடகங்கள் பெயரளவில் கூட எஞ்சவில்லை. சான்றுகள் எஞ்சுதலும் மறைதலும் அவற்றின் தகுதியைப் பொறுத்தன அல்ல என்பதற்கு இதுவே போதிய சான்று.

கட்டணத்தைப் பற்றிப் பிளாட்டர் தரும் செய்தி மிகத் தெளிவானது. கீழே நிற்பவர் ஒரு பென்னி கொடுப்பர்; இருக்க விரும்புவோர் மற்றொரு வாயிலில் மேலும் ஒரு பென்னி கொடுப்பர்; மெத்தையில் அமர்ந்து, எல்லாவற்றையும் காண்பதோடு தாமும் பிறரால் காணப்பட விழைவோர், பிறிதொரு வாயிலில் மேலும் ஒன்று கொடுப்பர். காணுதலோடு காணப்படுதலையும் அவர் சேர்த்துரைத்தது நோக்கத்தக்கது. அரங்கின் அமைப்பு குமுகாயத்தின் அமைப்பை ஒத்திருந்தது என்பது இதனால் பெறப்படும். உண்பனவும் பருகுவனவும் இடையிடையே கொண்டுவந்து விற்கப்பட்டன என்பதையும் அவர் குறித்துள்ளார்.

இனி, இலக்கிய வரலாற்றிற்கு இக்குறிப்பால் விளைந்த பயனைக் காண்போம். 1599 செப்டம்பர் 21 அன்று, புல்வேய்ந்த கூரையுடைய அரங்கில், ஏறத்தாழப் பதினைந்து பேர் நடித்த ஜூலியஸ் சீஸரின் துன்பியல் நாடகத்தைக் கண்டதாகவும், முடிவில் இருவர் ஆணுடையிலும் இருவர் பெண்ணுடையிலும் ஆடியதாகவும் பிளாட்டர் எழுதுகின்றார். ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீஸர்’ 1623ஆம் ஆண்டுத் தொகுதியில்தான் முதன்முதல் அச்சேறியது. 1598இல் பிரான்சிஸ் மெரிஸ் தொகுத்த ஷேக்ஸ்பியர் நாடகப் பெயர்களுள் அஃது இல்லை. ஆகவே அந்நாடகம் 1599இல் தோன்றியது என்னும் துணிபிற்குப் பிளாட்டர் குறிப்பே தலையாய சான்றாயிற்று.

இதற்குத் தடை கூறுவாரும் உளர். பிளாட்டர் அரங்கின் பெயரையோ ஆசிரியர் பெயரையோ கூறவில்லை. ரோஸ் அரங்கும் புற்கூரை உடையதே. அங்கு 1594, 1595ஆம் ஆண்டுகளில் சீஸரைப் பற்றிய நாடகங்கள் நடிக்கப்பட்டமை ஹென்ஸ்லோவின் ஏட்டிலேயே உள்ளது. இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் புதிதாக எழுந்த குளோப் அரங்கு தென்கரையில் இருந்தமையும், மெரிஸ் பட்டியலில் இந்நாடகம் இன்மையும் சேர்த்து நோக்கின், பெரும்பாலோர் கொள்ளும் முடிபே பொருத்தமுடையது எனக் கருதுகின்றோம். முற்றுந்துணிந்த உண்மையாக அன்றி, வலிய ஊகமாகவே அதனைக் கொள்ளல் வேண்டும்.

தெ விட்டின் பங்கு வேறு வகையினது. அவர் சுவான் அரங்கின் உட்புறத்தை ஓவியமாக வரைந்தார். மூல ஓவியம் கிடைத்திலது. அவர் நண்பர் ஆரெண்ட் வான் புக்கெல் எடுத்த படியே எஞ்சியது. ஊட்ரெக்ட் நூலகத்தில் கிடந்த அப்படியினை 1888இல் ஜெர்மன் அறிஞர் கேடர்ட்ஸ் உலகிற்கு வெளிப்படுத்தினார். எலிசபெத்துக் காலப் பொது அரங்கின் உட்புறத்தைக் காட்டும் அக்காலத்து ஓவியம் இஃது ஒன்றே. மேடையும், அதன் மேற்கூரையைத் தாங்கிய இரு தூண்களும், பின்புறத்து இரு வாயில்களும், எக்காளம் ஊதுவோனும் அதிற் காணப்படுகின்றனர்.

எனினும் அயலார் கூற்றனைத்தும் ஆராயாது கொள்ளத்தக்கன அல்ல. சுவான் அரங்கு கற்களால் ஆயது எனத் தெ விட் கூற, 1598இல் வந்த பால் ஹென்ட்ஸ்னர் என்னும் ஜெர்மானியர், அரங்குகள் யாவும் மரத்தால் ஆயவை என்கின்றார். அரங்கின் மரத்தூண்கள் சலவைக்கல் எனக் கூர்த்த நோக்கினரும் மயங்குமாறு வண்ணம் தீட்டப்பட்டிருந்தன எனத் தெ விட்டே எழுதியுள்ளார். தூணிற் பிறரை மயக்கிய வண்ணம் சுவரில் அவரையே மயக்கியிருத்தலும் கூடும். இத்தகைய ஐயங்களை நீக்க ஓரளவு துணை செய்தது அகழாய்வு. 1989இல் ரோஸ் அரங்கின் அடிப்படையும், குளோப் அரங்கின் ஒரு பகுதியும் தென்கரையில் வெளிப்பட்டன. ரோஸ் அரங்கின் முதல் அமைப்பில், நிற்போர் முற்றம் மேடையை நோக்கிச் சரிந்திருந்தமை அதனால் தெரியவந்தது. இதனை எந்நூலும் எவ்வழிப்போக்கரும் கூறிலர்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதை அரங்கின் நீளம், அகலம், உயரம், வாயில், எழினி ஆகியவற்றை அளவு தவறாது உரைக்கின்றது. அஃது அரங்கு அமைப்போர் நோக்கில் எழுந்தது. காண்போர் நோக்கில் எழுந்த சான்று அதனோடு சேருமாயின் அன்றோ அரங்க வரலாறு நிறைவுறும்? ஆகவே நாடக ஆராய்ச்சியிற் புகும் மாணவர் நூலையும் உரையையும் கற்பதோடு, கணக்கேடு, கடிதம், வழிப்பயணக் குறிப்பு, நிலத்தடிச் சின்னம் ஆகிய நான்கினையும் ஒருங்கு வைத்து நோக்குதல் வேண்டும். ஒன்று கூறுவதை மற்றொன்றால் சோதித்தலே ஆராய்ச்சி. ஒரு பென்னி கொடுத்து நின்றவன் எழுதாமற் போனதை, ஊர் காண வந்தவன் எழுதிவைத்தான்; அவன் எழுதியதை அளந்து கொள்ளுதல் நம் கடன்.