சிங்கத்தைக் காத்த நவாபுகள்

நம் பிள்ளைகளுக்கு அசத் என்றும் ஹைதர் என்றும் பெயர் சூட்டி மகிழ்கிறோம். இரண்டுக்கும் பொருள் சிங்கம். ஹம்ஸா (ரலி) அவர்களை 'அசதுல்லாஹ்' என்று போற்றுகிறோம். ஆனால் அப்பெயருக்குரிய விலங்கு இன்று அரபு மண்ணில் இல்லை. துருக்கி முதல் ஈராக், ஈரான் வழியே வட இந்தியா வரை உலவிய ஆசியச் சிங்கம், துப்பாக்கி பெருகியதாலும் காடுகள் வயல்களானதாலும் ஒவ்வொரு நாட்டிலும் மறைந்தது. காட்டில் அது எஞ்சியிருக்கும் ஒரே நிலப்பகுதி குஜராத்தின் சௌராஷ்டிரம்; அதன் நடுவே இருப்பது கிர் காடு.

அக்காடு அன்று ஜூனாகத் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. பாபி வம்சத்து முஸ்லிம் நவாபுகள் அதனை ஆண்டனர். சிங்க வேட்டை பெருமையாகக் கருதப்பட்ட காலம் அது. 1900இல் ஜூனாகத் வந்த வைஸ்ராய் கர்சன் பிரபு, சிங்கங்கள் அழிவின் விளிம்பில் இருப்பதறிந்து வேட்டையைத் தவிர்த்தார். அவற்றைக் காக்குமாறு நவாப் ரசூல் கானுக்கு ஆலோசனையும் கூறினார். 1913இல் வன அதிகாரி ஒருவர் இருபதுக்கு மேல் சிங்கங்கள் இல்லை என்று எழுதினார். வேட்டைக்கு அனுமதி கேட்டு வந்த ஆங்கில அதிகாரிகளைத் தவிர்க்கவே எண்ணிக்கை குறைத்துக் கூறப்பட்டது என்று கருதும் வரலாற்றாசிரியர்களும் உண்டு.

கடைசி நவாப் மூன்றாம் மஹாபத் கானை, நாய்களுக்காகப் பெருஞ்செல்வம் செலவிட்டவர் என்றே வரலாறு நினைவுகூர்கிறது. ஆயினும் சிங்கத்தைக் காப்பதில் அவரும் உறுதியாக நின்றார். 1936இல் நடந்த கணக்கெடுப்பில் 287 சிங்கங்கள் இருந்தன. 1947இல் அவர் பாகிஸ்தான் சென்றார். சிங்கங்கள் இங்கேயே நின்றன. 1965இல் கிர் சரணாலயமாயிற்று. 2025ஆம் ஆண்டின் கணக்குப்படி 891 சிங்கங்கள் உள்ளன.

இந்தப் புகழில் இன்னொரு பங்காளியை நாம் மறந்துவிடக் கூடாது. கிர் காட்டினுள் எருமை மேய்த்து வாழ்ந்த மால்தாரிகள், தம் கால்நடைகளைச் சிங்கத்துக்கு இழந்தும் அதனோடு வாழப் பழகியவர்கள். 1970களில் அவர்களுள் பல குடும்பங்கள் காட்டுக்கு வெளியே குடியமர்த்தப்பட்டன. மேய்ச்சலை மட்டுமே அறிந்தவர்களுக்கு உழவுத் தொழில் எளிதில் கைகூடவில்லை. நவாப் தடுத்தது வேட்டையை. சிங்கத்தின் பசிக்கு ஈடுகொடுத்தவர் ஏழை இடையர்.

அபாயமும் நீங்கவில்லை. 2018இல் நாய்களிடம் காணப்படும் டிஸ்டம்பர் என்னும் தொற்றுநோய் பரவி இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் மடிந்தன. ஒரே வட்டாரத்தில் வாழும் இனத்தை ஒரு கொள்ளைநோயே அழித்துவிடக்கூடும். இதனைக் கருதியே 2013இல் உச்ச நீதிமன்றம் சில சிங்கங்களை மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டுக்கு அனுப்பப் பணித்தது. இன்றுவரை ஒன்றுகூடச் செல்லவில்லை.

படைப்பினங்கள் நமக்கு உடைமையல்ல, அமானிதம் என்று நம்புகிறோம். கொல்லும் வலிமை இருந்தும் கையைத் தடுத்துக்கொள்வது அந்த அமானிதத்தின் முதற்படி. ஜூனாகத் நவாபுகள் அதைச் செய்தனர். காப்பதால் வரும் இழப்பை எளியவர் தலையில் மட்டும் சுமத்தாதிருப்பது அடுத்த படி. அது இன்னும் நம் அனைவர் மீதும் கடனாகவே நிற்கிறது.