கைக்கு மீண்டும் தொழில்

சூளகிரி வழியே செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலையில் இன்று ஓசூர் வரைக்கும் தொழிற்சாலைகளின் வரிசை. தகட்டை அழுத்தி வடிக்கும் பிரஸ் எந்திரங்கள் உள்ள இடங்களில் விரல் போகும் ஆபத்தும் உண்டு. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்ட அட்டவணையில் கட்டைவிரல் இழப்பு 30 விழுக்காடு என இடம்பெற்றது. எஞ்சிய விரல்களால் சட்டைப் பொத்தானை எப்படிப் போடுவது? அட்டவணை அதைச் சொல்லாது. அதைச் சொல்லித்தருபவர் தொழில்வழிச் சிகிச்சையாளர்.

‘ஆக்குபேஷனல் தெரபி’ என்பதில் உள்ள தொழில், பிழைப்பு மட்டுமன்று. தொழிற்பெயர் என்று இலக்கணம் சொல்லும்போது தொழில் என்றால் செயல். உண்ணல், உடுத்தல், எழுதல் எல்லாம் தொழிலே.

இந்தியாவில் இத்துறைக்கு முதல் பயிற்சிப் பள்ளியை 1950இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கியவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து இங்கு வந்தவர். 1952இல் இத்துறையின் உலகக் கூட்டமைப்பை நிறுவிய பத்து நாடுகளுள் இந்தியாவும் ஒன்று.

சூளகிரியிலிருந்து கிருஷ்ணகிரி வழியாகக் கிழக்கே போனால் வேலூர். அங்கே இதே கேள்வி வேறொரு நோயிலிருந்து எழுந்தது. கொல்லிமலையில் 1914இல் பிறந்து, மருத்துவம் படிக்குமுன் கட்டட வேலை பயின்றவர் பால் பிராண்ட். தொழுநோயாளரின் மடங்கிப்போன விரல்களை, 1948 முதல் தசைநாண் மாற்று அறுவையால் அவர் நிமிர்த்தினார். ஆனால் நிமிர்ந்த விரல் தானாக வேலை செய்வதில்லை. இடம் மாறிய தசைநாணுக்குப் புதிய அசைவைப் பழக்க வேண்டும். மேலும், தொழுநோயில் விரல்கள் அழுகி விழுவதில்லை. வலி உணராத கை, சூட்டிலும் கருவிப் பிடியிலும் அடிபட்டே குறைகிறது என்பதையும் அவர் கண்டார். ஆகவே தச்சுப் பட்டறையில் மரப்பொம்மை செய்யவும், அப்போது கையைக் காத்துக்கொள்ளவும் நோயாளிகள் பயின்றனர்.

அவரோடு பணியாற்றிய மேரி வர்கீஸ், 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் அவர் முயற்சியால் உருவாயிற்று.

இழந்ததை அளப்பது சட்டத்தின் வேலை; அதுவும் வேண்டியதே. எஞ்சியதைக் கொண்டு நாளைக் காலை சோற்றைப் பிசைய வைப்பது வேறொரு வேலை. இழப்பீடு கைக்கு வந்ததோடு கணக்கு முடிந்தது என்று நாம் எண்ணும்வரை, அந்தக் கைக்கு இன்னும் தொழில் திரும்பவில்லை.